அக்காவுக்கு அவசரம் இல்லை

ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், யார் காதில் என்ன ஓடுகிறது என்பதை முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாட்டுக் கேட்கிறவர் கண்ணை மூடியிருப்பார். கிரிக்கெட் கேட்கிறவர் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். கதை கேட்கிறவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் இருப்பார். இறங்க வேண்டிய கேட் வந்ததும் அவரைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். நான் அந்தக் கடைசி ரகம். என்னைத் தட்டித் தட்டியே பக்கத்து சீட் பெண்ணுக்குக் கை வலித்திருக்கும்.

ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் கொண்டுவந்தவள். காதால் கேட்பதெல்லாம் ஒரு வாசிப்பா, யாரையாவது ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிடுகிற மாதிரி என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். மத்திகிரியிலிருந்து கம்பெனி வரைக்கும் உள்ள ரோடு அந்த வீறாப்பைச் சீக்கிரமே அடக்கிவிட்டது. பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் குமட்டும். வீட்டில் விரித்தால் தூக்கம் வரும். வேறு வழியில்லாமல்தான் காதைக் கொடுத்தேன். ஊட்டிவிடுகிற சோற்றுக்கும் ஒரு தனி ருசி உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது.

கேட்கிறவர்களுக்குள் எத்தனை கட்சி இருக்கிறது என்பதும் உள்ளே போன பிறகுதான் புரிந்தது. எங்கள் மெஷின் ஷாப் சூப்பர்வைசருக்குச் சிறுகதைதான் வேண்டும். பஸ் நிற்கும்போது கதையும் நிற்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு இறங்கினால் வேலையில் கை ஓடாது என்பார். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் நேர்மாறு. முடியாத கதையாகத் தேடுவாள். ஒரு நாவல் முடிந்துவிட்டால் அந்த வீட்டு மனிதர்களையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த மாதிரி அவளுக்கு இரண்டு நாள் முகமே சரியிருக்காது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிற ஒருவர் எப்போதும் ஒரு காதில்தான் இயர்போன் மாட்டுவார். இன்னொன்று சட்டைப் பொத்தானோடு தொங்கிக்கொண்டிருக்கும். ராகிக் காட்டில் காவலிருந்து பழகிப்போனது, ஒரு காது யானைக்கு என்றார். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்களே" என்று நான் சீண்டினேன். "மணியெல்லாம் கோயில் யானைக்கும்மா. எங்க ஊரு யானை வந்துக்கினு இருக்குறது அது பெண்டாட்டிக்கே தெரியாது" என்றார் அவர். நான் எந்தக் கட்சி என்றால், ஒரே குரல், வேகம் ஒன்றரை மடங்கு. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. வீட்டில் கேட்டால் கொஞ்சமா என்பார்கள்.

நானும் என் கணவரும் ஒரே கம்பெனி. அவர் மெஷின் ஷாப்பில், நான் ஸ்டோர்ஸில். மத்திகிரியின் ஓரத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. ஐம்பதைத் தாண்டியவரை அக்கா என்று கூப்பிடலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஓசூரில் அக்காதான் பத்திரமான சொல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் செல்லும். எந்தக் கடையில் எந்த மொழி என்று தெரியாமல் நுழைந்தாலும் 'அக்கா' என்று ஆரம்பித்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அக்கா பிறந்தது குப்பம் பக்கம், ஆந்திர எல்லைக்குள். படித்தது தெலுங்கு. கல்யாணமாகி வந்த இடத்தில் தமிழைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டவர். தமிழில் சண்டை போடுவார், கன்னடத்தில் பெங்களூர் பூ வியாபாரியிடம் பேரம் பேசுவார், தெலுங்கில் சாமி கும்பிடுவார். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. டவுன் பஸ்ஸில் நம்பரை வைத்துத்தான் ஏறுவார். கணவர் காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் பெங்களூரில். வீட்டுக்குப் பின்னால் இருந்த ரோஜாத் தோட்டத்தை அக்காவே நடத்தினார். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸ், அதை ஒட்டி ஒரு தகர ஷெட். காலையில் வெட்டிய பூக்களை அங்கே கொண்டுவந்து, அடி இலைகளை உருவி, கட்டுக் கட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்துவார்கள். அக்காவோடு இன்னும் இரண்டு பெண்கள். ஒருவர் கன்னடம் பேசுகிறவர், இன்னொருவர் தர்மபுரிக்காரர்.

ஒரு விடுமுறை நாளில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே போனில் சத்தமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ராகி காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா அது, இவ்ளோ நேரமா பேசிக்கினே இருக்குறாங்க?"

"கதைக்கா. புத்தகத்தை அப்படியே படிக்காங்க. உங்க போன்ல போட்டுத் தரட்டுமா?"

"அவசரம் இல்லம்மா" என்றார் அக்கா.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒன்று தருகிறேன் என்றால் இப்பவே தா என்று கையை நீட்டுவார்கள். இவர் எவ்வளவு நிதானம் என்று வியந்துகொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கீழே போய், போனை வாங்கி, கதைகளை இறக்கிக் கொடுத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் எல்லாமே இப்படித்தான். புளிக்குழம்பு வைத்தேன், தரட்டுமா என்றால் அவசரம் இல்லம்மா என்பார். சரி, இப்போது பசியில்லை போல என்று சாயங்காலம் சுடவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஓசூர்க் குளிருக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுக்கப் போகிறோம், உங்களுக்கும் ஒன்று எடுக்கட்டுமா என்றால் அவசரம் இல்லம்மா. குளிர் நன்றாகப் பிடித்ததும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். கதை கேட்க இயர்போன் தருகிறேன் என்றதற்கும் அதே பதில்தான். சம்பள நாள் வரட்டும் என்று காத்திருந்து வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்படி எதற்குமே அவசரப்படாத ஒரு பெண்மணியை நான் பார்த்ததில்லை என்று என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அவங்ககிட்டயாவது கொஞ்சம் கத்துக்கோ" என்றாள் அம்மா.

இயர்போன் மட்டும் அக்காவிடம் எடுபடவில்லை. காதில் திரி வைத்த மாதிரி இருக்கிறது என்று மறுநாளே கழற்றிவிட்டார். கேட்டில் வண்டி வந்தால் கேட்க வேண்டும், வியாபாரி கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அதனால் கதை காதிலிருந்து ஷெட்டுக்கு மாறியது. கூரைக் கம்பியில் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டார்கள். கேட்டது ஒருவர் அல்ல, மூவர். மூன்று பேருக்கும் பிடித்தால்தான் ஓடும், இல்லாவிட்டால் நிறுத்து.

அந்த ஷெட்டில் கதை பாஸாவது எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனைவிடக் கஷ்டம். முதலில் நான் போட்டுக்கொடுத்தது நாடகம் மாதிரி ஆளுக்கொரு குரலும் பின்னணி இசையுமாக வருவது. எனக்குப் பிடிக்காது என்றாலும் அவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு. கதையில் கதவு தட்டினால் தர்மபுரிக்காரர் எழுந்து கேட்டுக்குப் போனார். கதையில் நாய் குரைத்தால் வெளியே கிடந்த நாய் பதில் குரைத்தது. மழை பெய்தபோது அக்காவே ராகியை எடுக்க மாடிக்கு ஓடினார். திரும்பி வந்து, "வேணாம்மா, ஒராளு சொல்லட்டும். நமக்குத் தெரியாதா மழை எப்படிப் பெய்யும்னு?" என்றார். சரிதான் என்று ஒரே குரலுக்கு மாற்றினேன். என் வழக்கப்படி வேகத்தைக் கூட்டி வைத்திருந்தேன். "அந்தம்மா என்ன, பாலை அடுப்புல வச்சிட்டு வந்து படிக்கிறாங்களா?" என்றார் அக்கா. வேகம் இறங்கியது.

இலவசமாக வீடியோவில் வருகிற கதைகளையும் முயன்று பார்த்தோம். திரை அணைந்தால் கதையும் அணைந்துவிடும். திரையைத் தொட ஈரக் கை ஆகாது. அதைவிட, கதாநாயகியின் தாலியைக் கழற்றுகிற இடத்தில் சிமெண்ட் விளம்பரம் வந்தது. மூன்று பேரும் மூன்று மொழியில் திட்டினார்கள். முதலில் போட்டுக்கொடுத்த கதை ஆப் பரவாயில்லை, ஆனால் அதில் தலைப்பெல்லாம் எழுத்து. அக்கா கதைகளை அட்டைப் படத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தார். சேப்புப் புடவைக்காரி கதை, படகுக் கதை, ஜன்னல் கதை. ஒரு நாள் ஆப்காரர்கள் அட்டையை மாற்றிவிட்டார்கள். சேப்புப் புடவைக்காரி காணாமல் போனாள். அக்கா அன்று முழுக்க, வீட்டுக்கு வர வேண்டிய ஆள் வராத மாதிரி, போனைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் ஜெயித்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. என் புத்தகப் பெட்டியில் ஒரு பழைய குடும்ப நாவல் இருந்தது, நல்ல தடி. அது ஆடியோவாக எங்கும் கிடைக்கவில்லை. நானே படித்து அனுப்பட்டுமா என்றேன். அவசரம் இல்லம்மா என்றார். வழக்கம்போல நாலு நாள் விட்டு, ஒரு அத்தியாயத்தைப் படித்து, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். அதற்கு எழுத்து வேண்டாம், அட்டை வேண்டாம். முக்கோணத்தை அழுத்தினால் போதும்.

சமையலுக்கு நடுவில் படித்ததால் குக்கர் விசில் வரும். என் கணவர் தேங்காய் எங்கே என்று கேட்பார். நானும் சும்மா படிக்கமாட்டேன். "இந்த மாமியார் சொல்லுத பேச்சைப் பாருங்கக்கா" என்று நடுவில் புகுந்துவிடுவேன். கடினமான சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் சொல்வேன். முதல் மெசேஜை அனுப்பிவிட்டு, மாடிப்படியில் நின்று ஷெட்டை எட்டிப்பார்த்தேன். மூன்று பேரும் குனிந்து இலை உருவிக்கொண்டிருந்தார்கள். என் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பி எனக்கே கேட்டது. குக்கர் விசில் வந்த இடத்தில் கன்னடக்கார அக்கா சிரித்தார். விசில் அடித்த பிறகு மாமியார் என்ன சொன்னாள் என்று தர்மபுரிக்காரர் மறுபடி போடச் சொன்னார். அன்றிலிருந்து ஆப் போன இடம் தெரியவில்லை.

வேலை முடிந்து வரும்போது அக்கா கேட்டிலேயே பிடித்துக்கொள்வார். "ஏம்மா, அந்தப் பெரிய மருமவ வாயத் தொறக்க மாட்டாளா? கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்றான் அவ புருசன், இவளும் கேட்டுக்கினு இருக்குறா." எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்லாமல் மேலே ஏறுவது பெரும்பாடு. நாவலை நான் முன்பே இரண்டு தடவை படித்தவள். ஆனால் அந்தப் பெரிய மருமகள் மேல் எனக்கு அத்தனை கோபமும் பாசமும் வந்தது ஷெட்டுக்காகப் படித்தபோதுதான்.

நாவல் பாதி தாண்டியிருந்தபோது, கம்பெனி கிருஷ்ணகிரி பக்கம் புது யூனிட் திறந்தது. எங்கள் இருவரையும் அங்கே மாற்றினார்கள். தினமும் மத்திகிரியிலிருந்து போய்வர முடியாது. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அக்காவிடம் சொல்ல ஷெட்டுக்குப் போனேன். கதையில் அப்போது பெரிய மருமகள் ஒரு வழியாக வாயைத் திறந்து, பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போவாளா, திரும்பி வருவாளா என்று அன்று காலையில்தான் மூவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். மற்ற இருவரும் ஐயோ என்றார்கள். அக்கா மட்டும் கையில் இருந்த ரோஜாவின் இலைகளை உருவிக்கொண்டே இருந்தார்.

"கதையை விட்டுரமாட்டேன்க்கா. மீதியை அங்கிருந்து படிச்சு அனுப்புதேன்."

அக்கா தலை நிமிரவில்லை. "அவசரம் இல்லம்மா" என்றார்.

எனக்கு மனது லேசானது. இதுதான் அக்கா. இவரிடம் மட்டும்தான் எதற்கும் நெருக்கடி கிடையாது.

கிருஷ்ணகிரியில் நெருக்கடி நிறையவே இருந்தது. புது யூனிட்டில் ரேக் வைப்பதிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. வீட்டுக்கு வந்தால் சாமான் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். நாவலும் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்தது. நினைவு வரும்போதெல்லாம் அக்காதான் அவசரமில்லை என்றாரே என்று தள்ளிப் போட்டேன். வாரங்கள் ஓடின. பெரிய மருமகள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

புது கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் குப்பத்துப் பெண் ஒருத்தி வருவாள். அதே ஸ்டோர்ஸ்தான். ஒரு மழைக் காலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஷால் இருந்தது. தரட்டுமா என்றேன்.

"அவசரம் இல்லக்கா" என்றாள்.

சரி என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சதூரம் போனதும் மறுபடி எடுத்து நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "அதான் வேணாம்னு சொன்னேனேக்கா?"

"எப்ப சொன்ன? அவசரம் இல்லைன்னுதானே சொன்ன?"

"அதேதான். ஐயோ, தெலுங்குல வந்துடுச்சா? எங்களுக்கு அவசரம்னா தேவை. அவசரம் இல்லன்னா வேணாம்னு அர்த்தம்."

ஷாலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பஸ் எங்கே போனது என்று தெரியவில்லை. காதில் கதை எதுவும் ஓடாமலே அன்றைக்கும் என்னைத் தட்டித்தான் இறக்கினார்கள்.

முதலில் வந்தது கோபம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அப்புறம் ஒவ்வொன்றாக வரிசைகட்டி நின்றன. மொட்டைமாடியில் வேண்டாம் என்றவரின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கதை ஏற்றினேன். வேண்டாம் என்ற குழம்பைச் சாயங்காலம் சுடவைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்ற ஸ்வெட்டரைப் போட வைத்தேன். நானே படிக்கட்டுமா என்றதற்கும் வேண்டாம். என் கணவரிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை நாளா வேண்டாம் வேண்டாம்னவங்க வாயைப் பிடிச்சு ஊட்டியிருக்க. பாவம், வீடு காலியாச்சுன்னு மொட்டை போட்டிருப்பாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டில் நின்று பெரிய மருமகளைப் பற்றி ஆத்திரப்பட்டதெல்லாம் எனக்காகச் செய்த மரியாதையா? வாடகைக்கு இருக்கிற பெண் மனசு நோகக்கூடாது என்று மூன்று பேரும் சகித்துக்கொண்டார்களா? ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் எனக்கென்று ஒரு மனுஷி இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையின் அடியில் இருந்த ஒற்றைச் சொல்லை உருவி எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அதிலும் அந்தக் கடைசித் தடவை. மீதியை அனுப்புகிறேன் என்றேன். எனக்குத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் மனது லேசாகி வந்திருக்கிறேன்.

மறுநாள் நாவலைத் தேடி எடுத்து அடுத்த அத்தியாயத்தைப் படித்து அனுப்பினேன். நடுவில் நான் எதுவும் பேசவில்லை. மெசேஜ் போய்ச் சேர்ந்தது. ஆனால் கேட்டுவிட்டால் நீலமாக வேண்டிய அந்தச் சின்ன மைக் படம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. அடுத்த நாளும் அப்படியே. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டும் வரைக்கும் பேச வேண்டியதை மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஷெட்டில் ஸ்பீக்கர் அதே கம்பியில் தொங்கியது. ஏதோ எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா, "வாம்மா, உக்காரு" என்றார், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். அது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அக்கா, அவசரம் இல்லன்னா வேண்டாம்னு அர்த்தமா?"

"ஆமா. வேற என்ன?"

"எங்க ஊர்ல, மெதுவா குடுத்தாப் போதும்னு அர்த்தம்."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மற்ற இருவருக்கும் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அப்ப மொத நாளே வேணாம்னுதான் சொன்னீங்களா?"

"வேணாம்னுதான் சொன்னேன். நீ ஞாயித்துக்கெழமை வந்து போனைக் குடுன்னு நிக்கிற. சரி, தெக்கத்திப் பொண்ணு, பிடிவாதம் ஜாஸ்தின்னு நெனச்சிக்கினேன்."

"புளிக்குழம்பு?"

"அதும் வேணாம்னுதான். எங்கூட்ல அவ்ளோ புளி ஊத்தமாட்டோம். தின்னுதின்னு பழகிடுச்சி."

"கதை?"

"அதும்தான். நமக்கு எதுக்கு இதெல்லாம்னு இருந்துச்சி. நீதான் உடவே இல்லியே."

 அடுத்ததைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. இருந்தாலும் அதற்காகத்தானே வந்தேன்.

"கடைசியா, நான் போறப்ப சொன்னீங்களே. அதும் வேணாம்தானா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்தார். அதில் உருவுவதற்கு இலை எதுவும் மிச்சம் இல்லை.

"அதும் வேணாம்தான். நீ போற. பாதிக் கதைய வச்சிக்கினு நான் இங்க என்ன பண்றது? ரோசமா வந்துச்சி, சொல்லிட்டேன்" என்றார். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா இவகிட்ட வேணாம்னு சொன்னா கேக்கவா போறா, நாலு நாள் கழிச்சி அவளே கொண்டாந்து குடுப்பான்னு இருந்தேன். எப்பவும் அப்படித்தான பண்ணுவ. இந்தத் தடவைதான் நீ நான் சொன்னதக் கேட்டுக்கின."

 எஃப்.எம்.மில் யாரோ ரொம்ப உற்சாகமாக எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. வேண்டாம் என்று ஒரு மனுஷி அத்தனை தடவை சொன்னதும், அதையெல்லாம் காதில் வாங்காத ஒருத்தியை அவர் நம்பிக் காத்திருந்ததும் ஒன்றாகச் சேர்ந்து என் நெஞ்சைப் பிடித்தன.

"அனுப்பினேனேக்கா. நீங்கதான் திறக்கவே இல்ல."

"லேட்டா அனுப்புன. கோவம்" என்றார் அக்கா, சின்னப் பிள்ளை மாதிரி.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பக்கம் மடக்கி வைத்த இடத்தில் பெரிய மருமகள் இன்னும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேயே உக்காந்து படிக்கட்டுமாக்கா? இல்ல, அவசரம் இல்லையா?"

அக்கா எழுந்து போய்க் கம்பியில் தொங்கிய ஸ்பீக்கரை அணைத்தார். ஒரு வாளியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

"அவசரம்" என்றார்.

எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வாளியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.